ஹம்பி போகும் வழியில்

நாள் 1: ஏப்ரல் 12, சனி

இந்நேரம் ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசப்பேட்டையில் துங்கபத்திரைக் காற்று வாங்கிக்கொண்டு இதை எழுதுவதாகத்தான் ஏற்பாடு. எழுதுவது பெங்களூர் வில்சன் கார்டனில், ஃபேன் போட்டால் டியூப்லைட் கண் சிமிட்டும் ஒரு லாட்ஜ் அறையிலிருந்து.

நேற்று பங்குனி உத்திரம், திங்கட்கிழமை சித்திரை ஒன்று, நடுவில் சனி ஞாயிறு. இப்படி ஒரு வரிசை கிடைத்தால் எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஒரு மாதமாக எக்ஸெல் ஷீட் போட்டார். எந்த ஊரில் டீசல், எந்த ஊரில் மோர், ஹம்பி விட்டலர் கோயிலில் எத்தனை நிமிடம், எல்லாம் கட்டம் கட்டமாக. அந்த ஷீட்டில் பெங்களூருக்கு ஒரே ஒரு வரி: "தாண்டிவிடணும்."

காலை ஐந்துக்கு ஈரோட்டை விட்டோம். நான், வீட்டுக்காரர், பதினோரு வயதுப் பாப்பா, மாமியார் நால்வரும். தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரியில் டிபன், ஓசூர். எதிர்ச்சாரியில் பெங்களூரே தமிழ்நாட்டுக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். ஏறினால் இறங்கும்வரை நிம்மதி. இறங்கினால் சில்க் போர்டு. மத்தியப் பட்டு வாரிய அலுவலகம் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். மற்றபடி பட்டுக்கும் அந்தச் சந்திப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அங்கேதான் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. அப்புறம் அந்த வாசனை வந்தது. கிளச் கருகும் வாசனையை ஒருமுறை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் கார் பன்னிரண்டு வயது டீசல் வண்டி. இவரோ நெரிசலில் பாதிக் கிளச்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டு ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஹார்ன் அடித்த அத்தனை பேரும் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரெக்கவரி வண்டிக்கு 2,500 ரூபாய். அந்த வண்டிக்காரரே ஒரு பட்டறையில் கொண்டுவந்து விட்டார். மெக்கானிக் அண்ணனின் தாத்தா அரூர்ப் பக்கமிருந்து வந்தவராம். போனெட்டைத் திறக்குமுன்பே மூக்கைச் சுளித்துவிட்டு, "பிளேட் போயிருக்கு சார். கியர்பாக்ஸ இன்னிக்கே எறக்கிடலாம். பார்ட்ஸ் ஜே.சி. ரோட்லதான் எடுக்கணும். நாளைக்கு சண்டே, கடை இல்ல. திங்கக்கெழமை அம்பேத்கர் ஜெயந்தி. செவ்வாக்கெழமை பாக்கலாம்" என்றார்.

செவ்வாய்! இவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஹொசப்பேட்டை ஹோட்டலுக்குப் போன் போட்டார். கட்டிய பணம் திரும்பி வராது என்றார்கள். ரயில், பஸ், வாடகைக் கார் எல்லாம் விசாரித்தார். நீண்ட விடுமுறை என்பதால் எல்லாமே நிறைந்திருந்தது, இல்லையென்றால் யானை விலை.

இதற்குள் மாமியார் பட்டறை வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து, மாடியில் குடியிருக்கும் மெக்கானிக் அண்ணனின் மனைவியோடு சிநேகமாகிவிட்டார். மோர் வந்தது, முறுக்கு வந்தது, கடைசியில் ஓர் அழைப்பும் வந்தது.

"ஏங்கண்ணு, இன்னைக்குப் பௌர்ணமி. இங்க என்னமோ கரகமாம். ராத்திரி பூராவும் நடக்குமாம். அந்தப் புள்ள கூட்டிட்டுப் போறேங்குது. போலாமா?"

அறுபத்தெட்டு வயது. கால் வலி என்று திண்டல் மலைக்கே படி ஏற மாட்டேன் என்கிறவர். இவர் வரவில்லை, ஷீட்டில் இல்லாத இடத்துக்கு இவர் எப்போதும் வந்ததில்லை. பாப்பா தூங்கிவிட்டாள். மணி பதினொன்று. நாங்கள் மூவரும் கிளம்புகிறோம்.

நாள் 2: ஏப்ரல் 13, ஞாயிறு

எழுந்தது பகல் பன்னிரண்டுக்கு. தலைமுடியில் இன்னும் மல்லிகை.

நேற்று ராத்திரி ஆட்டோவில் டவுன்ஹால்வரை போய், அங்கிருந்து நகரத்பேட்டைச் சந்துகளுக்குள் நடந்தோம். பெங்களூர் என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்திருந்த எனக்கு இது வேறு ஊர். ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் நிற்க வேண்டிய அகலம். அதில் ஆயிரக்கணக்கில் ஜனம். திகளரபேட்டையில் தர்மராய சுவாமி கோயில். தருமர் பெயரில் கோயில், ஆனால் கரகம் திரௌபதிக்கு. ஆற்காடு, விழுப்புரப் பக்கம் திரௌபதி அம்மனுக்குத் தீமிதியும் பாரதக் கூத்தும் நடத்துகிறவர்களுக்கு இது சொல்லிப் புரியவைக்க வேண்டிய விஷயமே இல்லை. திருவிழாவை நடத்துவது திகளர் சமூகம். பூந்தோட்டமும் காய்கறித் தோட்டமும் போட்டுப் பிழைத்த மக்கள். தமிழோடு பழைய தொடர்புள்ளவர்கள்.

எங்களை அழைத்துப்போன அக்கா சின்ன வயசிலிருந்து வருடம் தவறாமல் வருகிறவர். "பன்னெண்டரைக்குன்னு சொல்வாங்க, ரெண்டு மணி ஆகும். ஒக்காருங்கம்மா" என்று ஒரு பாத்திரக்கடைப் படியில் இடம் பிடித்துக் கொடுத்தார். நேரத்தைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

முதலில் வந்தது சத்தம்தான். "கோவிந்தா, கோவிந்தா" என்று ஒரு அலை. அப்புறம் கரகத்துக்குக் காவலாக வரும் வீரகுமாரர்கள், உருவிய வாளோடு. அவர்கள் நடுவில் கரகம். கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கரகம் என்றால் ஆட்டம். தலையில் கிளி பொம்மை ஆட, நையாண்டி மேளம். இது அப்படி இல்லை. மல்லிகையாலேயே கோபுரம்போல் கட்டியிருக்கிறார்கள், தூக்கியிருப்பவரின் இடுப்புவரை தொங்குகிறது. தூக்குபவர் ஆண். ஆனால் சேலை, வளையல், பெண் கோலம். இரண்டு கையிலும் ஏதோ பிடித்திருந்ததால் தலையிலிருப்பதைத் தொடவே இல்லை. நடக்கவும் இல்லை, பாதி ஓட்டம், பாதி ஆட்டம். பூக்குவியலுக்குள் இருக்கும் கலசத்தில் என்ன இருக்கிறது என்பது ரகசியம். கரகம் சரிந்தால் தூக்கியவர் மேலேயே அந்த வாள்கள் பாயும் என்பது ஐதீகம். அக்கா இதை என் காதில் சொன்னபோது கரகம் எங்கள் படியை நெருங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் பார்த்தது அவர் பாதத்தை மட்டும்தான்.

மாடிகளிலிருந்து மல்லிகை கொட்டியது. உதிரி உதிரியாக இல்லை, கூடை கூடையாக. எங்களைக் கடந்து போக எத்தனை விநாடி ஆகியிருக்கும்? முப்பது இருக்கலாம். மாமியார் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. இந்த மாசம்தான் ஈரோட்டில் பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் பிடுங்கி மஞ்சள் நீர் ஆடினோம். அந்தக் கூட்டத்திலும் மாமியார் முகத்தை நான் இப்படிப் பார்த்ததில்லை.

கரகம் அங்கிருந்து பேட்டை பேட்டையாகச் சுற்றி, காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய் வணங்கிவிட்டுத்தான் விடியும்போது கோயில் திரும்புமாம். தர்கா வரை போகலாம் என்று மாமியார் சொன்னார். கால் வலிக்காரர்! நான்தான் முடியாது என்றேன்.

இதெல்லாம் முடிந்து நாங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பாவும் மகளும் லால்பாக் ரோட்டு மாவள்ளி டிபன் ரூமில் வரிசையில் நின்று ரவா இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பேர் எழுதிக்கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார்களாம். 1924-ல் ஆரம்பித்த கடை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் ரவையில் இட்லி வார்த்துப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் ரவா இட்லி. பாப்பா இந்தக் கதையை என்னிடம் விலாவாரியாகச் சொன்னாள். ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வரலாம் என்று மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மாலை நால்வரும் லால்பாக். டபுள் ரோடு வாசலுக்கு லாட்ஜிலிருந்து நடந்தே போய்விட்டோம். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். கண்ணாடி மாளிகையை எல்லோரும் படம் எடுத்துவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். வாசலுக்குப் பக்கத்திலேயே உள்ள பாறைதான் எனக்குப் பிடித்தது. சுமார் 300 கோடி வருடப் பழைய கல். சும்மா ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். ஊரே வந்து உட்கார்ந்திருந்தது, சிலர் சுண்டலோடு. உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் பெயரில் ஒரு கோபுரம். ஊர் இதற்குமேல் வளராது என்று நாலு திசையிலும் எழுப்பிய எல்லைக் கோபுரங்களில் ஒன்று என்பார்கள்.

"அப்ப நம்ம வண்டி நின்ன எடம் ஊருக்கு வெளியவா?" என்றார் மாமியார்.

ஊருக்கு எவ்வளவோ வெளியே. அந்தப் பாறைமேல் நின்று பார்த்தால் எல்லையே தெரியவில்லை.

பாப்பா கண்டுபிடித்தது வேறு ஒன்று. தோட்டத்துக்குள் ஒரு கல்மரம் கிடக்கிறது. மரம் கல்லாகிப்போனது, இரண்டு கோடி வருடம். எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று படித்தவள் கத்தினாள்: "அம்மா, திருவக்கரை! நம்ம தமிழ்நாடு!" விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைதான். அந்த மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். கல்போலவே இருக்கிறதாம், ஆனால் மரம்போலக் கோடு ஓடுகிறதாம்.

திரும்பும் வழியில் பட்டறை. கியர்பாக்ஸ் தரையில் கிடந்தது. கிளச் பிளேட் காலி, அது தெரிந்ததே. கிளச் பிளேட் ஒட்டிச் சுழலும் சக்கரமான ஃப்ளைவீல் முகத்திலும் கோடு விழுந்திருக்கிறதாம், லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும். லேத்தும் செவ்வாய்தான். இவர் கைப்பேசியில் அந்த எக்ஸெல் ஷீட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினார்.

நாள் 3: ஏப்ரல் 14, திங்கள், சித்திரை 1

லாட்ஜ் அறையில் கனி வைத்தோம்.

கொங்குப் பக்கம் சித்திரைக் கனி பார்க்காமல் வருடம் பிறக்காது. முதல் நாள் இரவே கண்ணாடி முன்னால் பழம், பூ, பணம், நகை எல்லாம் பரப்பி வைத்துவிட்டு, விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வந்து அதில் விழிக்க வேண்டும். நேற்று ராத்திரி வில்சன் கார்டன் தள்ளுவண்டியில் மாம்பழம், வாழைப்பழம், எலுமிச்சை, சுளையாகப் பலாப்பழம் வாங்கினோம். குளியலறைக் கண்ணாடியைக் கழற்ற லாட்ஜ் பையனே ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து கொடுத்தான், எதற்கு என்று கேட்காமல். என் வளையல், இவர் மோதிரம், ஐந்நூறு ரூபாய் நோட்டு. பாப்பா அவள் பங்குக்கு மெக்கானிக் மாமாவிடம் கேட்டு வாங்கி வந்த கிளச்சின் பழைய ரிலீஸ் பேரிங்கை நடுவில் வைத்துவிட்டாள்.

நான் எடுக்கப் போனேன். "இருக்கட்டும் கண்ணு, இரும்பும் சொத்துதான்" என்றார் மாமியார். ஆக இந்த வருடம் நான் கண் விழித்தது மாம்பழத்திலும் பேரிங்கிலும்.

மெக்கானிக் வீட்டு அக்கா மாங்காய்ப் பச்சடி கொடுத்தனுப்பினார். இவர் இன்று ஒருமுறைகூடப் பட்டறைக்குப் போன் போடவில்லை. "எங்க போலாம்?" என்று அவரே கேட்டார்.

அல்சூர். கன்னடத்தில் ஹலசூரு. ஆட்டோவை விட்டு இறங்கியதும் காதில் விழுந்ததில் பாதி தமிழ். 1809-ல் ஆங்கிலேயர் இந்தப் பக்கம் படைமுகாம் போட்டபோது, பட்டாளத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள் எத்தனையோ. இங்கே பழைய ஆட்கள் அந்தப் பகுதியைத் தண்டு என்பார்கள். கோவைத் தண்டு மாரியம்மன் பெயரில் இருக்கிற அதே தண்டுதான். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையின் முகாம் இன்றும் ஏரியை ஒட்டி இருக்கிறது. 1950-ல் தொடங்கிய தமிழ்ச் சங்கமும் இங்கேதான்.

சோமேசுவரர் கோயிலில் ஒரு கும்பிடு. பண்டிகைக் கூட்டம், அதிகம் நிற்க முடியவில்லை. பிறகு ஏரிப்பக்கம் திருவள்ளுவர் சிலை. இந்தச் சிலையின் கதை பலருக்கு நினைவிருக்கும். 1991-ல் தயாரானது, எதிர்ப்பு வந்து, திறக்க முடியாமல் மூடியபடியே பதினெட்டு வருடம் நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். பாப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பதினெட்டு வருஷம்! நமக்கு மூணு நாளுக்கே இந்தப் பாடு" என்றார். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக்.

சாயங்காலம் தொம்மலூர். ஐ.டி. கம்பெனி பெயர்ப்பலகைகளுக்கு நடுவில் ஒரு மேட்டில் சொக்கநாதசாமி கோயில். உள்ளே போன மாமியார் திகைத்து நின்றுவிட்டார். சொக்கநாதர் என்றால் நமக்கு மதுரைச் சிவன். இங்கே சங்கு சக்கரத்தோடு பெருமாள்! அர்ச்சகரிடம் கேட்டே விட்டார். சொக்கப் பெருமாள், விஷ்ணுதான் என்று அவர் தமிழிலேயே பதில் சொன்னார். "சொக்க வெக்கிற அழகு யாருகிட்ட இருந்தா என்ன" என்று மாமியார் தானே சமாதானம் செய்துகொண்டு துளசி வாங்கிக்கொண்டார்.

இங்கே 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் போய், போசளர் என்கிற ஹொய்சளர் ஆண்ட காலம். தானம் கொடுத்த செய்திகள். அன்றைக்கு இந்த ஊருக்குத் தொம்பலூர் என்று பெயர். பாப்பா விரலால் தேடினாள். முழுச்சொல் ஒன்றும் பிடிபடவில்லை, எனக்கும்தான். ஆனால் "ப" கிடைத்தது, "ம" கிடைத்தது, "க" மாதிரி ஒன்று கிடைத்தது. பத்து நிமிடம் மூன்று எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். விட்டலர் கோயிலுக்கு ஷீட்டில் ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிடம்.

நாள் 4: ஏப்ரல் 15, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கே மெக்கானிக் அண்ணனோடு நானும் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். ஏன் நான் என்றால், இவர் லேத் பட்டறையில் ஃப்ளைவீலுக்குக் காவல். ஜே.சி. ரோடு முழுக்க வண்டி உதிரிபாகம். கிரில், விளக்கு, பம்பர் என்று ஒரு வண்டியைத் தெருவோடு போய் வாங்கிக் கோத்துவிடலாம். அண்ணன் கடைக்குள் போனதும் பழைய பிளேட்டை மேசைமேல் வைத்தார். கடைக்காரர் அதை அளக்கவும் இல்லை. திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே கன்னடத்தில் ஏதோ குரல் கொடுத்தார், மேலே ஏணியில் நின்ற பையன் ஒரு பெட்டியை வீசினான். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்ந்த செட். விலை குறைவான ஒன்றையும் காட்டினார்கள். "ஈரோடு போறவங்களுக்கு இது வேணாம்" என்று அண்ணன் தள்ளிவிட்டார்.

மாலை ஐந்துக்கு வண்டி தயார். கூலி, லேத், பாகங்கள் எல்லாம் சேர்ந்து 11,800. ஹம்பியில் மூன்று நாள் இருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் குறைவு என்று இவர் கணக்குச் சொன்னார். அந்த ஹோட்டல் பணத்தை அதில் சேர்க்கவில்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

புறப்படும்போது மெக்கானிக் வீட்டு அக்காவும் மாமியாரும் போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். அடுத்த வருடக் கரகத்துக்கு மாமியார் வருகிறாராம். பஸ்ஸிலாம். "உங்க வண்டிய நம்பி இல்ல" என்று மகனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை தர்கா வரைக்கும் போயே தீர்வதாம்.

சில்க் போர்டு. ஐம்பது நிமிடம். இவர் ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கிளச்சிலிருந்து காலை எடுத்து, அதை நான் பார்த்தேனா என்றும் பார்த்துக்கொண்டார். பார்த்தேன்.

அத்திப்பள்ளி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து பாப்பாவின் குரல். அவள் கையில் அந்த பேரிங், சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, திருவக்கரை நம்ம ஊர்ல இருந்து எவ்ளோ தூரம்?"

"எதுக்கு?"

"அங்க இன்னும் நெறையக் கல்மரம் இருக்குமில்ல?"

கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தினோம். கோப்பை ஆறிக்கொண்டிருந்தது, இவர் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். புது ஷீட். முதல் கட்டத்தில் "திருவக்கரை", இரண்டாம் கட்டத்தில் கிலோமீட்டர்.

"எந்த ஊரா வேணா இருக்கட்டும் தம்பி," என்றார் மாமியார், பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, "ஒரு நா சும்மா உட்டு வையி."

இவர் ஒரு வரியைச் சேர்த்தார். கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்.